தாயகம் என்னும் தந்தையூர்

தமிழக அரசின் கோப்புகளில் ‘தாயகம் திரும்பியோர்’ என்றொரு தொடர் உண்டு. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து இங்கு அனுப்பப்பட்ட தோட்டத் தொழிலாளர்களையும் அவர்களுடைய பிள்ளைகளையும் அது குறிக்கிறது. குடும்ப அட்டையிலும் கடன் விண்ணப்பத்திலும் சாதிச் சான்றிதழ் கேட்கும் மனுவிலும் அறுபது ஆண்டுகளாக அந்தத் தொடர் புழங்கி வருகிறது. தமிழ் கற்பிக்கிறவள் என்ற முறையில் அந்த இரண்டு சொற்களையும் ஒரு கவிதை வரியைப் படிப்பது போலப் படித்துப் பார்க்கிறேன்.

‘திரும்புதல்’ என்ற வினைக்கு ஒரு முன்நிபந்தனை இருக்கிறது. போனவர்தான் திரும்ப முடியும். 1920களில் கங்காணியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு தனுஷ்கோடியில் கப்பலேறிய ஒரு தாத்தா 1970இல் ராமேஸ்வரத்தில் இறங்கினால் அவர் திரும்பியவர். அவர் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிய ஒன்பது வயதுப் பேத்தி எங்கிருந்து எங்கே திரும்பினாள்? அவள் பிறந்தது அட்டனில். நடை பழகியது லயத்து இஸ்தோப்பில். அவளுக்குத் தெரிந்த மண்ணெல்லாம் தேயிலை மலைதான். அவளைப் பொறுத்தவரை அது குடிபெயர்வு. முடிவெடுத்தவர்கள் இரண்டு பிரதமர்கள். அவளை யாரும் கேட்கவில்லை.

மூங்கில்துறைப்பட்டிலிருந்து கல்லூரிக்கு வரும் என் மாணவி ஒருத்தியின் ஆயா அப்படி வந்த பிள்ளைகளில் ஒருவர். ஆய்வுக்காக அவரிடம் பேசப் போன பேத்தி, படிவத்தில் இருந்தபடியே கேட்டாளாம்: “நீங்க தாயகம் திரும்பினது எந்த வருஷம் ஆயா?” கிழவி வெற்றிலையை மென்றபடி திருப்பிக் கேட்டிருக்கிறார்: “திரும்பி வர்றதுக்கு நான் எப்படி இங்கேருந்து போனேன்?”

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியின் விளக்கவுரைதான். பிள்ளையாக இடம்பெயர்க்கப்பட்டவர்களும் அவர்களின் வழிவந்தவர்களும் தங்கள் மரபைத் தேடும்போது நம் இலக்கியமும் சட்டமும் ஆவணமும் எதை எடுத்துக் கொடுக்கின்றன? அதில் பெண்ணுக்கு என்ன பங்கு இருக்கிறது?

தந்தை வழியே மட்டும்

தொடரின் முதல் சொல்லான ‘தாயக’த்துக்கு வருவோம். சொல்லில் தாய் இருக்கிறாள். கணக்கில் அவள் இருக்கிறாளா?

1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையக மக்களை நாடற்றவர்களாக்கியது என்பது பரவலாகத் தெரிந்த செய்தி. அது எப்படி நாடற்றவர்களாக்கியது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவளிக் குடிமகன் ஆக வேண்டுமானால் அவருடைய தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அல்லது தந்தையின் தந்தையும் அவருடைய தந்தையும் அங்கே பிறந்திருக்க வேண்டும். சட்டத்தின் அந்தப் பிரிவில் தாய் என்ற சொல்லுக்கே இடமில்லை. தாயும் தாயின் தாயும் அவளுடைய தாயும் அந்த மலையிலேயே பிறந்து, அங்கேயே கொழுந்தெடுத்து, அங்கேயே புதைக்கப்பட்டிருக்கலாம். தந்தை இந்தியாவில் பிறந்தவர் என்றால் அந்த மூன்று தலைமுறைப் பெண்களின் பிறப்பு கணக்கில் வராது. தந்தை இலங்கையிலேயே பிறந்திருந்தாலும் அதற்கு அத்தாட்சி வேண்டும். தோட்டத்து லயத்தில் பிறந்த எத்தனை பேரிடம் அது இருந்திருக்கும்?

இந்தியாவின் நிலை மேலானதல்ல. ஒப்பந்தத்தின் கீழ் வந்தவர்கள் பதிவின் மூலம் குடியுரிமை பெற்றார்கள். அது வேறு பிரிவு. ஆனால் வெளிநாட்டில் பிறக்கும் குழந்தைக்கு வம்சாவளியாகக் குடியுரிமை தரும் பிரிவில், 1955ஆம் ஆண்டுச் சட்டம் தந்தையை மட்டுமே ஏற்றுக்கொண்டது. தாய் வழியாகவும் பெறலாம் என்று திருத்தம் வந்தது 1992இல். இலங்கையில் அது 2003இல் வந்தது. பாக் நீரிணைக்கு இருபுறமும் இருந்த இரண்டு குடியரசுகள் எத்தனையோ விஷயங்களில் மோதிக்கொண்டன. பிள்ளை அப்பனுடையது என்பதில் மட்டும் இரண்டுக்கும் ஒரே கருத்து.

இந்தச் சட்டங்களுக்கு நடுவில் எண்கள் பேரம் பேசப்பட்டன. மொத்தம் 9,75,000 பேர் என்று மதிப்பிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். 1984இல் தலைமன்னார்க் கப்பல் நின்று போகும்வரை குடும்பம் குடும்பமாக வந்து இறங்கினார்கள். ‘குடும்பம்’ என்றால் குடும்பத் தலைவர். தலைவர் என்றால் ஆண். எந்த ஊருக்குப் போவது என்ற கேள்விக்குப் பெரும்பாலும் அவருடைய பாட்டன் ஊர்தான் பதில். அவருடைய மனைவியின் பாட்டி எந்த ஊரிலிருந்து கப்பலேறினாள் என்பதைக் கேட்கவே யாருக்கும் தோன்றவில்லை. ஆகவே கோப்பில் இருக்கும் ‘தாயகம்’ உண்மையில் தந்தையூர். சொல்லில் தாயை வைத்துவிட்டுப் பொருளில் எடுத்துவிட்டார்கள்.

பாரதி கேட்ட வீடு

தமிழ்க் கவிதை இந்த விஷயத்தில் சட்டத்தைவிட நுட்பமாக இருந்திருக்கிறது. பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் உழைத்த பெண்களைப் பற்றிப் பாரதி எழுதிய ‘கரும்புத் தோட்டத்திலே’ பாடலை நான் ஒவ்வோர் ஆண்டும் நடத்துகிறேன். மூங்கில்துறைப்பட்டில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. தென்பெண்ணைக் கரையில் கரும்பு வளர்கிறது. அரவைக் காலத்தில் மாணவிகள் வரும் வழியெல்லாம் கரும்பு வண்டிகள் நிற்கும். இங்கே அந்தப் பாடலை நடத்தும்போது கரும்பு என்றால் என்ன என்று விளக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை. சோகையின் விளிம்பு கையைக் கீறும் என்பது அவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

பிஜிக்கு 1879 முதல் 1916 வரை ஏறத்தாழ அறுபதாயிரம் பேர் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டு போகப்பட்டார்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்து 1903 முதல் ஆளெடுத்தார்கள். நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்பது விதி. அந்த விகிதம் பெண்களின் நலனுக்காக வந்ததல்ல. ஆட்களைத் தோட்டத்தில் தக்கவைக்க வந்தது. இதைச் சொன்ன பிறகு பாடலைப் படித்தால் அதன் தொனி மாறிவிடுகிறது.

அந்தப் பாடலில் நான் மாணவிகளை நிறுத்திப் படிக்கச் சொல்லும் இடம் ஒன்று உண்டு. அந்தப் பெண்கள் எதை நினைப்பார்கள் என்று பாரதி தனக்குள்ளேயே கேட்டுக்கொள்கிறார். முதலில் நாட்டைச் சொல்கிறார். அடுத்து அம்மா வீட்டைச் சொல்கிறார். தேசத்தையே தாயாகப் பாடிய கவி அவர். நாடு என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றிருக்கலாம். நிற்கவில்லை. கல்யாணமாகிப் போன எந்தப் பெண்ணும் முதலில் நினைப்பது அம்மா வீட்டைத்தான் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. சட்டம் தாத்தாவின் ஊரைத் தேடிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு கவிஞர் அம்மாவின் வீட்டைத் தேடியிருக்கிறார்.

ஆனாலும் பாடலில் ஓர் இடைவெளி இருக்கிறது. அந்தப் பெண்கள் அழும் குரலைக் காற்று கேட்டிருக்கும் என்கிறார் பாரதி, காற்றிடம் கேட்கிறார், தெய்வத்திடம் முறையிடுகிறார். பெண்கள் அழுகிறார்கள். பேசுவதில்லை. அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகளும் பாடலில் இல்லை. பாரதி கடல் தாண்டிக் கேட்ட செய்தியை வைத்து எழுதினார்; அந்த அளவுக்கு எழுதியதே பெரிது. ஆனால் நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் நாம் அந்த அழுகையோடு நின்றுவிட்டால் அது நம் சோம்பல். இன்று பிஜியிலிருந்தோ டர்பனிலிருந்தோ வந்து ‘என் பூட்டியின் ஊர் எது’ என்று கேட்கிறவளுக்கு அழுகை மட்டும் போதாது.

மருதியும் ‘தூரத்துப் பச்சை’யும்

புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ 1935இல் மணிக்கொடியில் வந்தது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் மருதியின் கதை. தோட்டம் என்ற இயந்திரம் ஒரு பெண்ணுடலை எப்படிப் பயன்படுத்திக்கொள்கிறது என்பதைத் தமிழில் அவ்வளவு இரக்கமில்லாமல் சொன்ன கதை அதற்கு முன் இல்லை. ஆண்டையின் ஊரிலும் துரையின் தோட்டத்திலும் மருதிக்குக் கிடைப்பது ஒன்றுதான் என்று காட்டியதில், ‘சொந்த ஊர்’ என்ற இனிப்பையும் சேர்த்தே அவர் உடைத்துவிடுகிறார். மரபைத் தேடி வருகிறவர்களுக்கு நாம் சொல்லத் தயங்கும் உண்மை அது. உங்கள் பாட்டிகள் பலர் ஊரை விட்டுப் போனது பஞ்சத்தால் மட்டுமல்ல, ஊராலும்தான்.

கதையில் எனக்கு உறுத்துவது மகள். மருதியின் மகள் தோட்டத்தில் வளர்கிறாள். அவள் கண்ணில் அந்த மலை எப்படித் தெரிந்திருக்கும்? அவளுக்கு அது துன்பக்கேணியா, பிறந்த இடமா? இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். தோட்டத்தை நரகமாகக் காட்டும் அறச்சீற்றத்தில் அந்த நரகத்தில் பிறந்து, அதை வீடென்று எண்ணிய பிள்ளையின் பார்வைக்குக் கதையில் இடம் குறைந்துவிடுகிறது. தமிழகத்தில் இருந்துகொண்டு எழுதிய, பேசிய பலரிடமும் இந்தக் குறை உண்டு. அங்கே பட்டது அத்தனையும் துன்பம், ஆகவே இங்கே வந்தது விடுதலை என்று முடித்துவிடுகிறோம். மலையகப் பிள்ளைக்கு மலையின் மீது பாசம் இருந்தது என்று ஒப்புக்கொண்டால் துரைமார்களுக்குப் பரிந்து பேசுவதாகிவிடுமோ என்ற பயம் நமக்கு.

கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ இந்த இடத்தில் முக்கியமாகிறது. தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்ற பழமொழியிலிருந்து வந்த தலைப்பு. ஊரை விட்டுத் தோட்டத்துக்குப் போகிறவர்களின் வாழ்க்கையைப் பெண்ணை மையமாக வைத்து ஒரு பெண் எழுதிய நாவல். அது வெளியான ஆண்டு 1964. ஒப்பந்தம் கையெழுத்தான அதே ஆண்டு. நாவலாசிரியர் நினைத்தது இங்கிருந்து பார்க்கும்போது தெரியும் அந்தப் பச்சையை. அந்த ஆண்டுக்குப் பிறகு பச்சை இடம் மாறிவிட்டது. தோட்டத்தில் இருந்தவர்களுக்கு இந்தியா தூரத்துப் பச்சையானது. கடன் தருவார்கள், வேலை தருவார்கள், சொந்தக்காரர்கள் வாசலில் காத்திருப்பார்கள் என்று வந்தார்கள். வந்தவர்களில் ஒரு பகுதியினர் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் மறுபடியும் கொழுந்தெடுத்தார்கள். வியாபாரக் கடன் வாங்கியவர்கள் பலர் பழக்கமில்லாத தொழிலில் அதை இழந்துவிட்டு மலையைத் தேடிப் போனார்கள். அங்கே ‘கள்ளத்தோணி’, ‘தோட்டக்காட்டான்’; இங்கே ‘சிலோன்காரங்க’, ‘அகதி’. ஒரு தலைப்பு எழுதியவரையும் மீறி வரலாற்றுக்குப் பொருந்திப் போவது எப்போதாவதுதான் நடக்கும். இந்த நாவலைத் தமிழகப் பல்கலைக்கழகப் பாடத்திட்டங்களில் அபூர்வமாகத்தான் பார்க்கிறோம். ‘துன்பக்கேணி’ இருக்கும் இடத்தில் ‘தூரத்துப் பச்சை’யும் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பது என் வாதம். ஒன்று மருதியைப் பார்க்கிறது; மற்றொன்று மருதிகளோடு இருக்கிறது.

பாடியவள், போராடியவள்

அழுத பெண்களைப் பற்றிய பாடல் எல்லோருக்கும் தெரிகிறது. பேசிய பெண்ணின் பாடல் தெரிவதில்லை. கோ. நடேசய்யரோடு சேர்ந்து மலையகத் தொழிற்சங்க இயக்கத்தைக் கட்டியவர் மீனாட்சியம்மாள். கூட்டங்களில் தானே எழுதிப் பாடினார். அந்தப் பாடல்கள் 1940இல் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்ற பெயரில் அச்சாயின. தலைப்பே ஒரு மனு மாதிரி இருக்கிறது. மக்கள் வாயில் ஏற்கெனவே இருந்த மெட்டில் அரசியலை ஏற்றி, எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் லயத்துக்குத் திரும்பும்போது முணுமுணுத்துக்கொண்டு போகும்படி செய்தார். இலக்கிய நயம் குறைவு என்று இதை ஒதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். தெம்மாங்கும் ஒப்பாரியும் ஒதுக்கப்பட்டபோது சொன்ன காரணமும் அதுதான். ஒரு பாட்டை எடைபோட வேண்டிய தராசு, அது யாருக்காக எந்த இடத்தில் பாடப்பட்டது என்பதும் சேர்ந்தது.

தோட்டத்துப் பெண்கள் பாடிய தாலாட்டும் கொழுந்துப் பாட்டும் இன்று நமக்குக் கிடைக்கின்றன என்றால் அதற்கு சி.வி. வேலுப்பிள்ளை போன்றவர்களின் உழைப்பு காரணம். அந்த நன்றியோடு ஒன்று சொல்ல வேண்டும். நாட்டார் பாடல் என்ற துறையில் தொகுத்தவர் பெயர் அட்டையில் நிற்கிறது. பாடியவள் ‘மக்கள்’ ஆகிவிடுகிறாள். தன் பாட்டியின் பாட்டைத் தேடி வரும் பேத்திக்கு அந்தப் ‘மக்க’ளுக்குள் பாட்டியைக் கண்டுபிடிக்க வழியில்லை.

பெயர் தங்கிய பெண் ஒருத்தி உண்டு. தில்லையாடி வள்ளியம்மை. பள்ளிக்கூடத்தில் அவரைத் தியாகி என்று படிக்கிறோம். அவர் குடிபெயர்ந்தவர்களின் மகள் என்பதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. 1898இல் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தார். 1914 பிப்ரவரி 22 அன்று சிறையிலிருந்து நோயோடு வந்து இறந்தபோது வயது பதினாறு. தில்லையாடியை அவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. ஆனாலும் பார்க்காத ஊர் அவர் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டுவிட்டது.

அவர் எதற்காகச் சிறை போனார்? 1913 மார்ச்சில் தென்னாப்பிரிக்க நீதிமன்றம் ஒன்று கிறித்தவ முறையில் நடக்காத திருமணங்கள் செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஒரே நாளில் அங்கிருந்த தமிழ்ப் பெண்கள் சட்டத்தின் கண்ணில் மனைவிகளாக இல்லாமல் போனார்கள். பிள்ளைகள் முறையற்ற பிள்ளைகளானார்கள். அதோடு ஒப்பந்தம் முடிந்தும் நேட்டாலில் தங்கியவர்கள் மீது ஆண்டுக்கு மூன்று பவுண்டு வரி. 1903இல் அந்த வரியைப் பிள்ளைகளுக்கும் நீட்டினார்கள். ஆண் பிள்ளைக்குப் பதினாறு வயதில் வரி. பெண் பிள்ளைக்குப் பதின்மூன்று வயதில். பெண் மூன்று ஆண்டுகள் முன்னதாகவே ஆளாகிவிடுகிறாள் என்பது அரசாங்கத்தின் கணக்கு. வள்ளியம்மை யாருடைய வீரத்துக்கோ துணையாகப் போனவர் அல்ல. அவர் வயதுப் பெண்களைக் குறிவைத்த சட்டத்தை எதிர்த்து, தன் பெயரிலேயே போனார். புலம்பெயர்ந்தவர்களின் வழிவந்த பெண்களுக்குத் தர நம்மிடம் இருக்கும் மிகச் சிறந்த மரபு இது. தேசபக்திக் கதையாக மட்டும் சொல்லி அதைச் சுருக்கிவிட்டோம்.

பட்டியலில் இல்லாத கட்டம்

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து போன ‘ட்ரூரோ’ என்ற கப்பல் டர்பனை அடைந்தது. அது தொடங்கி 1911 வரை நேட்டாலுக்கு 1,52,184 பேர் போனார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. அந்தக் கப்பல் பட்டியல்கள் இன்றும் இருக்கின்றன. பேரப் பிள்ளைகளும் கொள்ளுப் பேரப் பிள்ளைகளும் அவற்றில்தான் தங்கள் ஊரைத் தேடுகிறார்கள். பெயர், தந்தை பெயர், வயது, பால், சாதி, மாவட்டம், தாலுகா, கிராமம், உடலில் உள்ள அடையாளம். இவ்வளவும் எழுதியிருக்கிறது. உடம்பில் எங்கே தழும்பு என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள். தாயின் பெயருக்குக் கட்டம் இல்லை.

நான் இந்தப் பட்டியலையும் ஓர் இலக்கியப் பிரதியாகவே வாசிக்கிறேன். அதற்கு ஆசிரியர் உண்டு. அவர் ஒரு குமாஸ்தா. யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்த ஒரு வடிவம் உண்டு. இன்று மரபைத் தேடி வருகிறவர் அந்தக் குமாஸ்தாவின் வாக்கியத்தைத்தான் தன் கதையாக வாங்கிக்கொள்கிறார். அதில் கிடைப்பவை மூன்று: தந்தையின் பெயர், சாதி, கிராமம். இவற்றைக் கையில் வைத்துக்கொண்டு அவர் ஊருக்கு வந்தால் ஊர் அவரைச் சாதி வழியாகத்தான் வரவேற்கும். பங்காளிகளைக் காட்டும், குலதெய்வத்தைக் காட்டும், பிறகு எந்தத் தெரு என்று கேட்கும். கப்பலில் ஒன்றாகக் கிடந்து, ஒன்றாகச் சமைத்து, ஒரே லயத்தில் வாழ்ந்தவர்கள் ஓரளவேனும் தளர்த்திக்கொண்ட முடிச்சை, மரபு என்ற பெயரில் நாம் மறுபடி இறுக்கி அனுப்புகிறோம்.

அயலகத் தமிழ் இளைஞர்களை அழைத்து வந்து ஊர்களைக் காட்டும் ‘வேர்களைத் தேடி’ என்ற திட்டத்தைத் தமிழக அரசு 2023இல் தொடங்கியது. நல்ல முயற்சி. கோயிலும் கீழடியும் பார்க்கட்டும். வேர் என்ற உருவகத்தில் மட்டும் எனக்குச் சங்கடம் உண்டு. மரத்துக்குத்தான் வேர் ஓர் இடத்தில் இருக்கும். பெண்களின் வாழ்க்கை மரத்தைப் போன்றதல்ல, நாற்றைப் போன்றது. ஓரிடத்தில் முளைத்து, பிடுங்கி, வேறிடத்தில் நடப்படுவது. கடல் கடந்தவளுக்கும் கள்ளக்குறிச்சியிலிருந்து சங்கராபுரத்துக்குக் கட்டிக்கொடுக்கப்பட்டவளுக்கும் தூரத்தில்தான் வித்தியாசம்.

எழுதத் தொடங்க வேண்டிய இடம்

எங்கள் மேற்கே கல்வராயன் மலை இருக்கிறது. அங்கே வாழும் மலையாளிப் பழங்குடிகளுக்குத் தாங்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்றொரு கதை உண்டு. மூன்று அண்ணன் தம்பிகள் புறப்பட்டு ஆளுக்கொரு மலையாகப் பிரிந்து போனார்கள் என்று அது போகும். ஒரு சமூகத்தின் தொடக்கமே ஒரு குடிபெயர்வாக இருப்பது அழகுதான். அண்ணன் தம்பிகளின் வரிசை கதையில் துலக்கமாக நிற்கிறது. அவர்களோடு வாழ்ந்து பிள்ளை பெற்ற பெண்கள் எந்த மலையில் பிறந்தவர்கள், என்ன பாட்டுப் பாடினார்கள் என்பது அப்படி நிற்கவில்லை. மரபுக் கதை, கப்பல் பட்டியல், குடியுரிமைச் சட்டம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்றும் ஒரே இலக்கணத்தில் எழுதப்பட்டவை.

இதை மாற்ற வகுப்பறையில் நான் ஒரு பயிற்சி தருகிறேன். அம்மா பிறந்த ஊர், அம்மாவின் அம்மா பிறந்த ஊர், அவளுடைய அம்மா பிறந்த ஊர் என்று மேலே மேலே எழுத வேண்டும். தந்தை வழியில் ஐந்து தலைமுறைப் பெயரை ஒப்பிக்கும் பிள்ளைகள் இங்கே மூன்றாம் படியில் நின்றுவிடுகிறார்கள். வீட்டுக்குப் போய்க் கேட்கிறார்கள். அப்போதுதான் பெங்களூர் செங்கல் சூளையும் குடகுக் காப்பித் தோட்டமும் ரங்கூனும் கண்டியும் வெளியே வருகின்றன. தன் அம்மா ஏழு வயதில் கரும்பு வெட்டும் கூட்டத்தோடு அலைந்தவள் என்பதை ஒரு மாணவி அந்தப் பயிற்சியில்தான் தெரிந்துகொண்டாள். மேஸ்திரி கொடுத்த முன்பணத்துக்கும் கங்காணி கொடுத்த முன்பணத்துக்கும் உள்ள உறவை அதற்குப் பிறகு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மூங்கில்துறைப்பட்டு ஆயாவிடம் பேத்தி இரண்டாம் முறை போனபோது படிவத்தை எடுத்துக்கொண்டு போகவில்லை. சொற்களைக் கேட்டாள். பெரட்டு: காலையில் ஆளெண்ணும் இடம். பிள்ளைக்காம்பரா: தாய் கொழுந்தெடுக்கப் போகும்போது குழந்தையை விட்டுவிட்டுப் போகும் இடம். கவ்வாத்து: தேயிலைச் செடியை வெட்டிவிடுவது. கொந்தரப்பு, இஸ்தோப்பு, தேத்தண்ணி. ராமேஸ்வரத்தில் இறங்கிய பிறகு, இங்கே பள்ளிக்கூடத்தில் ‘தேத்தண்ணி’ என்று சொன்னதற்கு எல்லோரும் சிரித்தார்களாம். அன்றிலிருந்து அந்தச் சொற்களை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டார். பிறகு வீட்டுக்குள்ளும் நின்றுபோயிற்று. ஐம்பது ஆண்டுகள் ஒருவர் வாய்க்குள் பூட்டப்பட்டிருந்த சொற்கள் அவை. ஆங்கிலமும் டச்சும் போர்ச்சுக்கீசும் சிங்களமும் உரசித் தேய்ந்த தமிழ். அகராதிக்காரர்களுக்கு அது கொச்சை. அந்தப் பேத்திக்கு அது தாய்மொழி, அந்தச் சொல்லின் சரியான பொருளில்.

இந்தச் சொற்களைப் பதிவு செய்வது பொழுதுபோக்கு வேலை அல்ல. பிள்ளைகளாக வந்தவர்களுக்கு இப்போது அறுபது வயதைச் சுற்றி இருக்கும். அவர்களுக்கு முந்திய தலைமுறை ஏறத்தாழப் போய்விட்டது. இலங்கையில் இருக்கும் உறவுகள் 2023இல் மலையகத்துக்கு வந்து இருநூறு ஆண்டுகள் என்று நினைவுகூர்ந்து, முன்னோர் நடந்த வழியில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். ‘இந்திய வம்சாவளி’ என்ற பெயரை விட்டு ‘மலையகத் தமிழர்’ என்று தங்களுக்குத் தாங்களே பெயர் வைத்துக்கொள்ளும் உரிமையைக் கேட்கிறார்கள். இங்கே வந்த பாதிக்கு அந்தப் பெயரும் இல்லை. அவர்கள் பிள்ளைகள் சாதிச் சான்றிதழுக்காகப் போய் நிற்கும்போது தாத்தாவின் ஊரில் அத்தாட்சி கொண்டு வா என்கிறார்கள். அந்த ஊரோ அவர்களை யாரென்று கேட்கிறது.

மாணவிகளுக்கு நான் சொல்வது இரண்டே வேலைகள். தமிழ் எம்.ஏ. படிக்கும் ஒவ்வொருத்தியும் ஒரு மூத்த பெண்ணிடமாவது உட்கார்ந்து, அவள் பிள்ளையாக எங்கிருந்து எங்கே வந்தாள் என்று அவள் சொல்லிலேயே எழுத வேண்டும். பாடியவள் பெயரை, அவள் சம்மதித்தால், தொகுத்தவள் பெயருக்கு மேலே போட வேண்டும். இரண்டாவது, எந்தப் படிவத்தை நிரப்பினாலும் தாயின் பெயருக்கும் தாய் பிறந்த ஊருக்கும் கட்டம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் ஏன் இல்லை என்று எழுதிக் கேட்க வேண்டும்.

‘தாயகம் திரும்பியோர்’ என்ற தொடரை அரசு மாற்றுமா என்று தெரியாது. நாம் மாற்றலாம். நம் கட்டுரைகளில், ஆய்வேடுகளில், பாடங்களில் ‘மலையகத்திலிருந்து அனுப்பப்பட்டோர்’ என்று எழுதலாம். செயப்பாட்டு வினை சில இடங்களில் உண்மையைச் சொல்கிறது. அவர்கள் திரும்பவில்லை. அனுப்பப்பட்டார்கள். அந்த வினையைச் சரியாக எழுதிய பிறகுதான் அனுப்பியவர் யார் என்ற அடுத்த கேள்வியைக் கேட்க முடியும்.